ஒரு கிலோ லேப்டாப் தேவையா? எக்ஸ்1 கார்பன் பற்றிக் கணக்கு வேலைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கோவையில் ஆடிட் வேலை பார்க்கிறேன். வாரத்தில் நாலு நாள் திருப்பூர், ஈரோடு, கரூர் என்று பார்ட்டி (வாடிக்கையாளர்) ஆபீசுகளில்தான் பொழுது போகும். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், 9வது தலைமுறை, 2021 மாடல். கூட வேலை செய்கிறவர்களும் ஆர்ட்டிகிள்ஷிப்பில் (சி.ஏ. பயிற்சியில்) இருக்கும் தம்பி தங்கைகளும் இதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது வாங்கலாமா?" என்று கேட்காத மாதமே இல்லை. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், உண்மையில் எவ்வளவு எடை?

என் மாடலுக்கு நிறுவனம் சொல்லும் ஆரம்ப எடை 1.13 கிலோ. ஒருநாள் பார்சல் ஆபீசில் ஃபைல் கட்டு அனுப்பப் போயிருந்தபோது, அங்கிருந்த தராசில் சும்மா வைத்துப் பார்த்தேன். 1 கிலோ 140 கிராம் காட்டியது. பொய் சொல்லவில்லை. அப்புறம் சார்ஜரை வைத்தேன். அந்தப் பெரிய மூன்று முள் பிளக்கும் தடித்த ஒயருமாகச் சேர்ந்து 360 கிராம். மவுஸ், நம்பர் பேட், லேன் (நெட்வொர்க்) கேபிளைச் சொருகும் மாற்றி எல்லாம் போட்டதும் தராசு ஒண்ணே முக்கால் கிலோவைத் தாண்டிவிட்டது. தராசுக்காரர், "இதுக்குத்தான் லைட் வெயிட்டா?" என்று சிரித்தார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. லேப்டாப்பில் குறைத்த எடை, வேறு வடிவில் பைக்குள் திரும்பி வருகிறதா என்பதைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும். எனக்குப் பாதி திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் முன்பு வைத்திருந்த 15.6 இன்ச் லேப்டாப் (வேறு நிறுவனம்) சார்ஜரோடு மூன்று கிலோவை நெருங்கும். காந்திபுரத்திலிருந்து திருப்பூர் வரை நின்றுகொண்டே போகிறவனுக்கு அந்த வித்தியாசம் தோளில் தெரியும்.

2012-இல் முதல் எக்ஸ்1 கார்பன் வந்தபோது 1.36 கிலோ. 2024 இறுதியில் அறிவித்த 13வது தலைமுறை 986 கிராமில் ஆரம்பிக்கிறது. 12 வருடத்தில் 370 கிராம் குறைந்திருக்கிறது.

எடையை எங்கேயிருந்து எடுத்தார்கள்?

மூடி கார்பன் ஃபைபர், உடம்பு மெக்னீசியக் கலவை. பெயரிலேயே இருப்பதால் எல்லோரும் இதை மட்டும்தான் பேசுவார்கள். கூடவே நடந்த மற்ற விஷயங்களை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

மெமரி தனி ஸ்லாட்டில் இல்லை, மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். பெரிய லேன் போர்ட் கிடையாது. கழற்றி மாட்டும் பேட்டரி கிடையாது. கீபோர்டு மேல்சட்டத்தோடு ஒரே பாகமாக வருவதால், ஒரு கீ போனாலும் சட்டத்தோடு மாற்றச் சொல்வார்கள். டீ கொட்டினால் செலவு எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாமே எளிதாக மாற்ற முடிவது ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்றுதான். அது வழக்கமான எம்.2 அளவு, அடிமூடியைத் திறந்தால் ஐந்து நிமிட வேலை. பேட்டரியும் உள்ளே திருகாணியில்தான் நிற்கிறது என்பதால் தெரிந்தவர் மாற்றித் தருவார்.

இந்த லேப்டாப்பின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. எடுத்த ஒவ்வொரு கிராமும் பிற்பாடு உங்களால் மாற்ற முடியாத ஒரு பாகம். அதனால் வாங்கும் நாளிலேயே தப்பில்லாமல் வாங்கியாக வேண்டும்.

8 ஜிபி மெமரி போதுமா?

போதாது. "இப்போதைக்கு 8 வாங்கிக்கலாம், அப்புறம் கூட்டிக்கலாம்" என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை. டேலி கணக்கு மென்பொருள், எக்செல், இருபது டேப் திறந்த பிரவுசர், நடுவில் ஒரு வீடியோ மீட்டிங். 8 ஜிபி மெஷின் இத்தனைக்கும் மூச்சு வாங்கும். 16 ஜிபிக்குக் குறைவாக யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

டேலி வேலைக்குக் கீபோர்டு எப்படி?

திங்க்பேடை நான் வாங்கியதே கீபோர்டுக்காகத்தான். கீக்கள் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும், விரல் தானாக வந்து உட்காரும். பழைய தலைமுறைகளில் இன்னும் ஆழமாக அழுந்தும். 9வதில் ஆழம் 1.5 மில்லிமீட்டர்தான். பழைய கீபோர்டில் கை பழகியவர்களுக்கு முதல் வாரம் சப்பென்று இருக்கும். எனக்கும் இருந்தது.

பேஜ் அப், பேஜ் டவுன் இரண்டும் அம்புக்குறிக் கீக்களின் இரு தோளிலும் உட்கார்ந்திருக்கும். வவுச்சர் வவுச்சராகப் புரட்டிப் பார்க்கிறவனுக்கு இது ஒரு வரம். எஃப் வரிசையை வால்யூம், வெளிச்சம் என்று இல்லாமல் நேராக எஃப்4, எஃப்5, எஃப்7 ஆகவே வேலை செய்ய வைக்க, எஃப்என் கீயோடு எஸ்கேப்பை ஒருமுறை அழுத்தினால் போதும்.

எரிச்சல்கள் இரண்டு. ஒன்று, இடது ஓரக் கோடியில் கன்ட்ரோல் இருக்காது, எஃப்என்தான் இருக்கும். காப்பி செய்யப் போய் ஒன்றும் நடக்காது. பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்கில் இரண்டையும் இடம் மாற்றலாம். 2024-இல் வந்த 12வது தலைமுறையிலிருந்து லெனோவோவே கன்ட்ரோலைக் கோடிக்குக் கொண்டுவந்துவிட்டது. இரண்டாவது, நம்பர் பேட் இல்லை. 14 இன்ச் உடம்பில் அதற்கு இடம் கிடையாது. நாள் முழுக்க என்ட்ரி போடுகிறவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் தனியாக ஒரு யூஎஸ்பி நம்பர் பேட் வைத்திருக்கிறேன். பார்ட்டி ஆபீசில் மேஜை சின்னதாக இருந்தால் அதை எங்கே வைப்பது என்பது தனிப் பிரச்சினை. ஒருமுறை ரெசிப்ட் கட்டின் மேல் வைத்து அடித்தேன்.

2014 மாடல் மிக மலிவாகக் கிடைக்கிறதாமே?

கிடைக்கும், காரணம் இருக்கிறது. அந்த இரண்டாம் தலைமுறையில் எஃப் வரிசைக் கீக்களையே எடுத்துவிட்டு, தொட்டால் மாறும் ஒரு பட்டையை வைத்தார்கள். கேப்ஸ் லாக் இருந்த இடத்தில் ஹோம், எண்ட். டச்பேடுக்கு மேலிருந்த மூன்று பட்டன்களும் போயின. எஃப் கீயைப் பார்க்காமல் அடிக்கும் டேலி ஆளிடம் அதைக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவார். பயன்படுத்தியவர்கள் போட்ட சத்தத்தில் 2015 மாடலிலேயே பழைய கீக்களும் பட்டன்களும் திரும்பி வந்தன. கீபோர்டைத் தொடாதீர்கள் என்று வாடிக்கையாளர்கள் ஒரு நிறுவனத்தைப் பின்வாங்க வைத்த கதை இது. எனக்கு மிகவும் பிடிக்கும்.

நடுவில் இருக்கும் சிவப்புப் பொட்டு எதற்கு?

அது டிராக்பாயின்ட். மவுஸ் வேலையைச் செய்யும். 1992-இல் ஐபிஎம் திங்க்பேடைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இருக்கிறது. 2005-இல் ஐபிஎம்மின் கணினிப் பிரிவை லெனோவோ வாங்கிய பிறகும் எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலால் தள்ளினால் கர்சர் அந்தப் பக்கம் போகும். உருட்டக் கூடாது, அழுத்தித் தள்ள வேண்டும். முதல் மூன்று நாள் வெறுப்பீர்கள். பஸ்ஸில் மடியில் வைத்து வேலை செய்யும்போது, கையைக் கீபோர்டிலிருந்து எடுக்காமலே எல்லாம் முடிவது தெரிந்தால் விடமாட்டீர்கள். பிடிக்காவிட்டால் டச்பேட் கீழேயே இருக்கிறது.

தமிழ் டைப் செய்ய ஏதாவது சிரமம்?

ஒன்றும் இல்லை. விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது. சிவப்புப் பொட்டு சரியாக எ, க, ங மூன்றுக்கும் நடுவில் வரும். விரல் இடம் தேடுவதற்கு நல்ல அடையாளம்.

டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், லேன் கேபிள், புரொஜெக்டர்… இதெல்லாம் சொருக முடியுமா?

டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் அந்த யூஎஸ்பி டோக்கன் நேரடியாகப் போகும். பழைய செவ்வக யூஎஸ்பி-ஏ போர்ட் இரண்டு இருக்கின்றன, ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று. மெல்லிசான லேப்டாப்புகள் பலவற்றில் யூஎஸ்பி-சி மட்டும்தான் என்ற நிலையில், ரிட்டர்ன் ஃபைல் செய்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. கடைசித் தேதி ராத்திரி பதினொரு மணிக்கு, டோக்கனைச் சொருக மாற்றி தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

முழு அளவு எச்டிஎம்ஐ இருக்கிறது, டிவிக்கும் புதிய புரொஜெக்டருக்கும் போதும். பழைய சங்கக் கட்டடங்களில் இன்னும் விஜிஏ புரொஜெக்டர்தான், அதற்கு மாற்றி வேண்டும். லேனுக்கும் மாற்றிதான். 8வது தலைமுறை வரை லேனுக்கென்று ஒரு குட்டி போர்ட் இருந்தது, அதற்கு அவர்களுடைய தனிக் கேபிள் தேவை. இப்போது யூஎஸ்பி மாற்றி எதுவானாலும் சரி. வைஃபை இல்லாத மில் ஆபீசுகள் நிறைய இருப்பதால் நான் அதைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை.

ஒரு குறை: சார்ஜ் ஏறும் இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டும் இடது பக்கமே. பிளக் வலது பக்கம் இருந்தால் ஒயரைச் சுற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

திரை?

9வது தலைமுறையிலிருந்து திரை 16:10. அதாவது உயரத்தில் 1080 பிக்சலுக்குப் பதில் 1200 பிக்சல். எக்செல்லில் கூடுதலாக நாலைந்து வரி தெரியும். டிரையல் பேலன்ஸ் பார்க்கும்போது அந்த நாலைந்து வரிக்கு எவ்வளவு மதிப்பு என்று ஸ்க்ரோல் செய்து சலித்தவர்களைக் கேளுங்கள். பளபளப்பில்லாத திரையாகப் பார்த்து வாங்குங்கள், ஜன்னல் பக்கம் உட்காரலாம். 4கே திரை வேண்டாம். பேட்டரியைத் தின்றுவிடும், 14 இன்ச்சில் அந்தக் கூர்மைக்கு நம் வேலையில் அவசியமும் இல்லை.

கேமரா, ஸ்பீக்கர்?

ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. கேமரா 720பி, சுமார்தான். மூட ஒரு குட்டிக் கதவு உண்டு.

பேட்டரி ஒரு நாள் தாங்குமா?

புதிதில் 57 வாட்-மணி. என்னுடையதில் இப்போது முழுசாக ஏறினால் 46 நிற்கிறது. திரை வெளிச்சம் பாதி வைத்து, டேலியும் எக்செல்லும் மட்டும் என்றால் ஆறு மணி நேரம் ஓடும். வீடியோ மீட்டிங் நடுவில் வந்தால் கணக்கு மாறிவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குக் கரண்ட் போய்ச் சாயந்தரம் வரும் நாளில் மதியத்துக்கு மேல் இழுக்காது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. சார்ஜ் ஏறுவது யூஎஸ்பி-சி வழியாக என்பதால் 65 வாட் தரும் பவர் பேங்க் இருந்தால் போதும். விமானத்தில் கொண்டுபோவதாக இருந்தால் 100 வாட்-மணிக்குள் வாங்குங்கள். ஆபீசில் எப்போதும் பிளக்கிலேயே போட்டு வைக்கிறவர்கள், லெனோவோ வான்டேஜ் மென்பொருளில் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்துவிடுங்கள். பேட்டரி சீக்கிரம் சாகாது.

பையில் போடுவதற்கு முன் ஸ்லீப்பில் விடாமல் ஹைபர்னேட் (திறந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுசாக அணைவது) செய்யுங்கள். ஸ்லீப்பில் இருக்கும் புதிய லேப்டாப்புகள் பைக்குள் தானாக விழித்துச் சூடாகிக்கொண்டிருக்கும். திருப்பூரில் இறங்கி எடுத்தால் தோசைக்கல் மாதிரி இருக்கும். பேட்டரியும் பாதி போயிருக்கும்.

ரொம்பச் சூடாகுமா? வேகம் குறையுமா?

மெல்லிய உடம்பு, சின்ன விசிறி, ஏப்ரல் மாதத்துக் கரூர். சூடாகாமல் என்ன செய்யும்? தினசரி வேலைக்குத் தெரியாது. லட்சம் வரி உள்ள எக்செல்லில் ஃபார்முலாவைத் திரும்பத் திரும்பக் கணக்கிடச் சொன்னால் முதல் ஓரிரு நிமிடம் பறக்கும், அப்புறம் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்று கீழிருந்துதான் உள்ளே போகிறது என்பதால் மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். வீடியோ எடிட்டிங், டிசைன் வேலை செய்கிறவர்களுக்கு இது பொருத்தமான மெஷினே இல்லை.

செகண்ட் ஹேண்டில் எந்தத் தலைமுறை வாங்கலாம்?

புதுசின் விலை எனக்குக் கட்டாது என்பதால்தான் நானும் பழசு வாங்கினேன். பெரிய கம்பெனிகள் மூன்று வருட லீஸ் முடிந்து மொத்தமாகக் கழிக்கும் மெஷின்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகள் வரை வந்து சேருகின்றன. ஆபீசிலேயே இருந்ததால் பெரும்பாலும் அடிபடாமல் இருக்கும்.

கோடு எங்கே போடுவது? விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லின் 8வது தலைமுறை செயலியாவது வேண்டும். எக்ஸ்1 கார்பனில் அது 2018-இன் 6வது தலைமுறை. அதற்குக் கீழே, கணக்கு வேலைக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். லேப்டாப்பின் தலைமுறையும் செயலியின் தலைமுறையும் வெவ்வேறு எண்கள், குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்.

2017-இன் 5வது தலைமுறையை ஒதுக்க இன்னொரு காரணமும் உண்டு. தயாரிப்பில் சரியாக இறுக்காமல் விட்ட ஒரு திருகாணி பேட்டரியைச் சேதப்படுத்தித் தீப்பிடிக்க வாய்ப்பிருக்கிறது என்று 2018 பிப்ரவரியில் லெனோவோ அந்த மாடலைத் திரும்பப் பெற்றுச் சரிபார்த்தது. 2017 நவம்பருக்கு முன் தயாரானவைதான் அதில் வரும். மெல்லிசு என்றால் உள்ளே ஒரு திருகாணி உருளக்கூட இடமில்லை.

2017 முதல் 2019 வரை வந்த சில திங்க்பேட்களில் யூஎஸ்பி-சி போர்ட் திடீரென வேலை செய்யாமல் போகும் சிக்கலும் இருந்தது. அந்தப் போர்ட்டை இயக்கும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை (உள் மென்பொருளை) புதுப்பிக்கச் சொல்லி நிறுவனமே அறிவித்தது. 6வது, 7வது தலைமுறை வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை அந்த அப்டேட்டாக இருக்கட்டும்.

பணம் இருந்தால் 9வது. பெரிய திரை, பவர் பட்டனிலேயே கைரேகை. பணம் குறைவென்றால் 6வது, ஆனால் 16 ஜிபியில் மட்டும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லுங்கள், எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். என் நண்பர் ஒருவர் பெயர் சொல்ல வேண்டாத ஒரு கடையில் பேரம் பேசி வாங்கி வந்தார். விண்டோஸ் அழகாக ஓடியது. ஒரு மாதம் கழித்து ஏதோ மாற்ற பயாஸுக்குள் போனால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. பழைய கம்பெனி போட்டது, யாருக்கும் தெரியாது. திங்க்பேடில் அது தொலைந்தால் முறைப்படி ஒரே வழி மதர்போர்டை மாற்றுவது. கடைக்காரர், "விண்டோஸ் ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்று கையை விரித்துவிட்டார்.

அடுத்து விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். ஆரம்பத்தில் இருந்த கொள்ளளவு, இப்போது ஏறும் கொள்ளளவு என்று இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதின் எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். அடியில் இருக்கும் சீரியல் எண்ணை லெனோவோவின் தளத்தில் போட்டால் வாரன்டி எப்போது முடிகிறது, முதலில் என்ன மெமரி, என்ன திரையோடு வந்தது என்று தெரிந்துவிடும். கடைக்காரர் சொல்வதையும் அதையும் ஒப்பிடுங்கள். டச்பேட் பக்கம் மேல்சட்டம் உப்பலாகத் தெரிந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். எல்லா யூஎஸ்பி-சியிலும் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். ஒவ்வொரு கீயையும் அடித்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

வரியைக் கணக்குப் போட்டால் புதுசே லாபமா?

ஜிஎஸ்டி பதிவு இருந்து, தொழிலுக்காக நிறுவனப் பெயரில் பில் வாங்கினால் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக (கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து) எடுக்கலாம். மீதிக்கு வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம். பழைய பொருள் விற்கிறவர் தன் லாபத்தின் மேல் மட்டும் வரி கட்டும் முறையில் இருந்தால் உங்களுக்கு உள்ளீட்டு வரி பெரும்பாலும் வராது. அதைச் சேர்த்துப் பார்த்தாலும் என் கணக்கில் பழசுதான் ஜெயித்தது. மூன்று வருட ஆன்சைட் வாரன்டி முக்கியம் என்று நினைக்கிற ஆபீசுக்கு விடை வேறாக இருக்கலாம்.

இதற்குப் பதில் மேக்புக் ஏர்?

நல்ல மெஷின், பேட்டரியில் இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும், விசிறிச் சத்தமும் கிடையாது. ஆனால் எடை இதைவிடக் கூடுதல். எம்2 மாடல் 1.24 கிலோ. டேலிப்ரைம் விண்டோஸுக்கான மென்பொருள், டோக்கனுக்கு மாற்றி வேண்டும். எழுத்தாளருக்கு மேக்புக் வாங்கச் சொல்வேன். ஆடிட் தம்பிக்குச் சொல்லமாட்டேன்.

லினக்ஸ் ஓடுமா?

ஓடும். 8வது தலைமுறையை 2020-இல் லெனோவோவே ஃபெடோரா என்ற லினக்ஸோடு விற்றது.

சிவப்புப் பொட்டின் தொப்பி தொலைந்துவிட்டது. எதை வாங்குவது?

பழைய திங்க்பேடின் தொப்பியை வாங்கி மாட்டாதீர்கள். எக்ஸ்1 கார்பனுக்கு உயரம் குறைந்த தனி வகை. உயரமானதை மாட்டி மூடினால் திரையில் முட்டி, நடுவில் வட்டமாகத் தடம் விழும். மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பாக்கெட்டாக நாலைந்து சேர்த்துத் தருவார்கள். எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள், பஸ் சீட்டுக்கடியில் போனது திரும்பக் கிடைக்காது.